சைனா சாமானுக்கு வரி விசாரணை: இப்போதே வாங்கிப் போடலாமா, கம்பெனி பார்ட்டுக்கு மாறலாமா?

“டெல்லியில விசாரணை ஆரம்பிச்சுட்டாங்களாம். சைனா சாமான் எல்லாம் ஏறப்போகுது. இப்பவே ரெண்டு பெட்டி எடுத்துப் போட்டுக்கங்கண்ணே.” ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த போன் புதிதல்ல. மீன் லாரி வைத்திருப்பவர்களும் ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள்: இப்போதே வாங்குவதா, இந்தியக் கம்பெனி பார்ட்டுக்கு மாறுவதா, வேறு நாட்டுச் சாமான் பார்ப்பதா, பேசாமல் இருப்பதா?

நான்கு வழிகளையும் எடை போடலாம். அதற்கு முன் டெல்லியில் நடப்பது என்ன என்று தெரியவேண்டும். மொத்தக் கடைக்காரர் சொல்லாமல் விடுவது அதைத்தான்.

## விசாரணை வேறு, வரி வேறு

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் ஊரில் விற்கிற விலையைவிடக் குறைத்து இங்கே சரக்கை இறக்கி, அதனால் இங்குள்ள தயாரிப்பாளர்களுக்கு அடி விழுந்தால், அதைச் சரிக்கட்டப் போடுவது பொருள் குவிப்பு எதிர்ப்பு வரி. கடைத்தெருவில் டம்பிங் டூட்டி. 1975-ஆம் ஆண்டுச் சுங்க வரி விகிதச் சட்டத்தின் 9ஏ பிரிவும், 1995-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை.

விசாரிப்பது வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் டி.ஜி.டி.ஆர். என்ற வர்த்தகத் தீர்வு இயக்குநரகம். உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் மனுப் போட்டு, அதில் முகாந்திரம் இருந்தால் அரசிதழில் விசாரணை அறிவிப்பு வரும். அன்றைக்கு எந்த வரியும் ஏறுவதில்லை. தொடங்கி 60 நாள் ஆகாமல் தற்காலிக வரிகூடப் போட முடியாது. இறுதி முடிவுக்கு ஓராண்டு. நீட்டித்தால் அதிகபட்சம் 18 மாதம். அந்த முடிவும் பரிந்துரைதான். வரி போடுவது நிதி அமைச்சகம். அதற்கு மூன்று மாத அவகாசம். டி.ஜி.டி.ஆர். பரிந்துரைத்தும் நிதி அமைச்சகம் வரி போடாமல் விட்ட வழக்குகள் உண்டு.

லாரி, பஸ் ரேடியல் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். சைனா டயர் மீதான விசாரணை 2016 மே மாதம் தொடங்கியது. வரி வந்தது 2017 செப்டம்பரில். நடுவில் பதினாறு மாதம். விசாரணைச் செய்தி கேட்டவுடன் டயர் வாங்கி அடுக்கியவர் அந்தப் பதினாறு மாதமும் அதே டயரை டம்பிங் வரி இல்லாமலே வாங்கியிருக்கலாம்.

## எந்தச் சாமான் என்று முதலில் பாருங்கள்

‘வண்டிச் சாமானுக்கெல்லாம் வரி’ என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு விசாரணையும் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு, குறிப்பிட்ட நாடுகளுக்கு. அந்த டயர் வரியே ரிம் அளவு 16 அங்குலத்துக்கு மேல் உள்ள லாரி, பஸ் ரேடியல் டயர்களுக்கு மட்டும். மண்டபம் மீன் இறங்குதளத்தில் வரிசையாக நிற்கும் குட்டி யானை வண்டிகளின் 12 அங்குல டயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2015-இல் அலாய் வீலுக்கு வரி வந்தபோது அது 12 முதல் 24 அங்குல அளவுக்கு. சைனாவோடு கொரியா, தாய்லாந்து சரக்கும் அதில் சேர்ந்தது. 2010-இல் முன் ஆக்சில் பீமுக்கும் ஸ்டியரிங் நக்கிளுக்கும் (முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) வந்த வரி கனரக, நடுத்தர வணிக வாகனங்களுக்கானவற்றுக்கு மட்டும். 2016-இல் டிரெய்லர் ஆக்சில். நம் பக்கத்தில் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

ஆகவே போன் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எந்தச் சாமானுக்கு, எந்த நாட்டுக்கு, அறிவிப்பு தேதி என்ன?” பதில் மழுப்பலாக வந்தால் அது வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். அறிவிப்புகள் டி.ஜி.டி.ஆர். இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

கையில் இறங்கும் விலை. டம்பிங் வரி பெரும்பாலும் எடைக்கு இவ்வளவு டாலர் என்று வரும். அந்த டயர் வரி, தயாரிப்பாளரைப் பொறுத்து, டன்னுக்கு 245.35 டாலர் முதல் 452.33 டாலர் வரை இருந்தது. ஒரு லாரி டயர் 60 கிலோ என்று வைத்தால் டயருக்கு 15 முதல் 27 டாலர். அன்றைய டாலர் விலையில் சுமாராக 950 முதல் 1,750 ரூபாய். சின்னத் தொகை இல்லை. ஆனால் ‘விலை டபுள் ஆகிடும்’ என்பதும் இல்லை.

இதில் ஒரு உள்கணக்கு இருக்கிறது. இறக்குமதியில் ஜி.எஸ்.டி. கணக்கிடும்போது டம்பிங் வரியையும் சேர்த்த தொகைக்கு மேல்தான் போடுவார்கள். உதாரணமாக 100 ரூபாய்ச் சாமானுக்குச் சுங்கமும் அதன் மேல்வரியும் சேர்ந்து 16.50 என்றால் 116.50. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் 137.47. டம்பிங் வரி 20 ரூபாய் வந்தால் 136.50-க்கு ஜி.எஸ்.டி. போட்டு 161.07. வித்தியாசம் 20 இல்லை, 23.60. ரெகுலர் ஜி.எஸ்.டி.யில் இருக்கும் கடைக்காரர் அந்த 3.60-ஐ, தான் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் இன்புட்டாகக் கழித்துவிடலாம். 20 ரூபாய் மட்டும் நிகரச் செலவு. இன்புட் எடுக்க முடியாத காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும், இன்புட் எடுக்க முடியாத லாரி ஓனருக்கும் 23.60 முழுவதும் தலையில்தான்.

உப்புக்காற்று. வேறு ஊர்க்காரர் எழுதினால் இது பட்டியலிலேயே இருக்காது. இங்கே சாமான் வண்டியில் மட்டும் துருப்பிடிப்பதில்லை, கடை ரேக்கிலேயே பிடிக்கும். தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்த ஷட்டர் உள்ள கடையில் ஒரு கிங்பின் செட்டை (நக்கிளை ஆக்சிலோடு பிணைக்கும் பின்னும் புஷ்ஷும்) பிரித்துப் பாருங்கள். எண்ணெய்த்தாள் சரியாக மூடியிருந்த இடம் பளபளவென்று இருக்கும். தாள் கிழிந்த ஓரத்தில் மட்டும் மிளகாய்த்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி புஷ் உட்காரும் இடத்தில் இருந்தால் மெக்கானிக் திருப்பிக் கொடுத்துவிடுவார். டிரம், டிஸ்க், ஸ்பிரிங் பட்டை, யூ போல்ட் எல்லாமே இந்த ரகம்தான்.

முடங்கும் பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் வண்டிக்கு லோடு குறையும். அப்போதுதான் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவார்கள். சாமான் போகும், காசு பின்னால் வரும். டூரிஸ்ட் வேனுக்கு ஐயப்ப சீசனும் ஆடி அமாவாசையும் வேறு கணக்கு. சரக்கில் போட்ட பணம் எந்த மாதத்தில் திரும்பும் என்று பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

சாமான் சொதப்பினால் யார் பொறுப்பு. இது நேரடியான கேள்வி. பதில் பெட்டியின் மேல் இருக்கிறது, கீழே வருகிறேன்.

## வழி 1: இப்போதே வாங்கிக் குவிப்பது

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நான் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்வதும் இதுதான்.

வரி வந்தால் வழக்கமாக ஐந்து ஆண்டு நிற்கும். மறுஆய்வில் இன்னும் ஐந்து ஆண்டு நீளலாம். ஒரு சின்னக் கடை அதிகபட்சம் நாலு மாதச் சரக்கைக் குவிக்கும். ஐந்து வருஷ வரியில் நாலு மாதத்தைத் தப்பிப்பதற்காக, வருமா வராதா என்று தெரியாத வரிக்குப் பயந்து, இன்றைக்கே பணத்தைக் கொட்டுகிறோம். கடன் வாங்கிக் கொட்டினால் வட்டியே அந்த லாபத்தைச் சாப்பிட்டுவிடும். கடற்கரைக் கடையாக இருந்தால் பாதியைத் துரு சாப்பிடும். சீலும் ஹோஸும் டயரும் துருப்பிடிக்காதே என்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே மே மாத வெக்கையில் ரப்பரும் இறுகத்தான் செய்யும்.

நேராக இறக்குமதி செய்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வரி விகிதம் ஆர்டர் போட்ட தேதியைப் பார்ப்பதில்லை. தூத்துக்குடியிலோ சென்னையிலோ பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) போட்ட தேதி, கப்பல் வந்ததற்கான அனுமதித் தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதைப் பார்க்கும். சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால் புது வரிதான். சில சூழ்நிலைகளில் தற்காலிக வரிக்கு 90 நாள் முன்பு வந்த சரக்கையும் பின்தேதியிட்டுப் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவசரமாகக் கொண்டுவந்து குவிப்பவர்களைக் கருதி வைத்த பிரிவு அது.

அப்படியானால் குவிப்பது எப்போது சரி? டி.ஜி.டி.ஆர். இறுதி முடிவு வெளியாகி, நிதி அமைச்சக அறிவிப்புக்குக் காத்திருக்கும் அந்த மூன்று மாத இடைவெளியில். அதுவும் காற்றுப் புகாமல் சீல் போட்ட பாக்கெட்டில் வரும், சிறிய, வேகமாக ஓடும் சாமானாக இருக்கவேண்டும். கடை ராமநாதபுரம் டவுன் மாதிரி கடலை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கவேண்டும். பணமும் கைப்பணமாக இருக்கவேண்டும். இத்தனையும் ஒத்துவந்தால் செய்யலாம்.

## வழி 2: இந்தியத் தயாரிப்புக்கு மாறுவது

பிரேக், ஸ்டியரிங், வீல் ஹப் சம்பந்தப்பட்ட சாமானுக்கு விசாரணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் ஓட்டு இதற்குத்தான். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது நிறைந்த லோடோடு பிரேக் பிடித்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராகச் சேஸிஸில் ஒழுகி, பிரேக் பைப்பையும் ஹப் பேரிங்கையும் நேராக நனைக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் பார்ட் சீக்கிரம் போகத்தான் போகும். போகும்போது வாரண்டி கேட்க ஆள் இருக்கவேண்டும்.

நம் ஊருக்கு இதில் ஒரு சௌகரியம். லைனிங், பிரேக், வீல் என்று பல சாமான்கள் சென்னை பாடியிலும் அதைச் சுற்றியும்தான் தயாராகின்றன. டீலர் மதுரையிலேயே கிடைப்பார். இன்றைக்கு ஆர்டர் சொன்னால் நாளை பஸ் பார்சலில் வந்துவிடும். குவித்து வைக்கவேண்டிய அவசியமே குறைகிறது.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது, டம்பிங் வரி வந்தபின் இறக்குமதி விலை ஏறும். அந்த நிழலில் உள்நாட்டு விலையும் மெல்ல ஏறும். வரி போடுவதன் நோக்கமே உள்நாட்டுத் தயாரிப்பாளருக்கு நியாயமான விலை கிடைக்கவேண்டும் என்பதுதானே, அப்புறம் விலை ஏறாமல் எப்படி இருக்கும்? இரண்டாவது, கம்பெனி டீலர் நீண்ட கடன் தரமாட்டார். சைனா சாமான் தருகிற மொத்தக் கடைக்காரர் மூன்று மாதம் பொறுப்பார். அந்தப் பொறுமைக்கும் ஒரு விலை இருக்கிறது. மாறும்போதுதான் அது தெரியும். மூன்றாவது, இந்தியப் பெயர் போட்ட பெட்டியில் இருப்பதெல்லாம் இந்தியச் சாமான் இல்லை.

அதனால்தான் பெட்டியைப் படிக்கச் சொல்கிறேன். சில்லறைக்கு வரும் இறக்குமதிப் பொட்டலத்தில் எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்கவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. ஸ்டிக்கரே இல்லாத வெள்ளைப் பெட்டி என்றால் சாமான் சொதப்பும்போது பிடிக்க ஆளே இல்லை. டயராக இருந்தால் பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இங்கே விற்கக் கூடாது.

## வழி 3: வேறு நாட்டுச் சரக்கு

சைனாவுக்கு வரி என்றால் தாய்லாந்து, கொரியா, வியட்நாம் என்று தாவுவது. கேட்க நன்றாக இருக்கும். அலாய் வீல் வழக்கில் தாய்லாந்தும் கொரியாவும் சைனாவோடு சேர்ந்தே மாட்டின என்பதை மேலே சொன்னேன். வரி அட்டவணையில் தயாரான நாடு, அனுப்பிய நாடு, தயாரிப்பாளர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். சைனாவில் செய்து வேறு நாட்டுத் துறைமுகம் வழியாக அனுப்பினால் தப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சுற்றி வருவதைத் தடுக்கத் தனி விசாரணையே உண்டு.

இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து சலுகைச் சுங்கத்தில் கொண்டுவந்தால், அது அங்கேதான் தயாரானது என்று காட்டும் பொறுப்பு 2020 முதல் இறக்குமதியாளர் மேலும் விழுகிறது. நம் அளவுக் கடைக்கு அந்தக் காகித வேலை கட்டுப்படியாகாது. டயர் என்றால் இன்னொரு கதவும் இருக்கிறது: 2020 ஜூனில் டயர் இறக்குமதியையே கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தார்கள், அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது.

ஏற்கெனவே அந்த நாட்டுச் சரக்கை ஓட்டி, அளவும் தரமும் தெரிந்த கடைக்கு மட்டும் இது பொருந்தும்.

இதிலேயே சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: அதே நாட்டிலேயே தயாரிப்பாளரைப் பொறுத்து வரி மாறும். விசாரணையில் ஒத்துழைத்த கம்பெனிக்குக் குறைந்த வரி. பெயர் குறிப்பிடாத மற்ற எல்லாருக்கும் அதிகபட்ச வரி. சைனாவை விட்டு ஓடுவதைவிட, சைனாவுக்குள்ளேயே குறைந்த வரி உள்ள கம்பெனியின் பெட்டியைக் கேட்டு வாங்குவது சில சமயம் எளிது.

## வழி 4: தேவைக்கு மட்டும் வாங்கி, விசாரணையைக் கவனிப்பது

சோம்பேறித்தனமாகத் தெரியும். ஆனால் லைட், கண்ணாடி, வைப்பர், பாடிச் சாமான் போன்ற ஆபத்தில்லாத வகைகளுக்கு இந்தக் கடற்கரையில் பொருந்துவது இதுதான். வரி வராமல் போனால் நஷ்டமில்லை. வந்தால் அன்றைய விலைக்கு வாங்கி அன்றைய விலைக்கு விற்கிறோம். பக்கத்துக் கடைக்கும் அதே விலைதான்.

இதன் மறைந்த செலவு, இல்லாத நேரத்தில் தெரியும். கேரளாவுக்குப் போகும் மீன் லோடு ராத்திரி பத்து மணிக்கு உச்சிப்புளியில் பேரிங் போய் நின்றால், பேரிங் விலை அங்கே ஒரு பொருட்டில்லை. ஐஸ் உருகுகிறது, பெட்டிக்குள் இருக்கும் மீன் விலை இறங்குகிறது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். காலையில் கடை திறந்து பார்சல் வரும்வரை வண்டி அங்கேயே. ஆகவே ‘தேவைக்கு மட்டும்’ என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. வண்டியை ரோட்டில் நிறுத்தும் சாமானில் மட்டும் ரகத்துக்கு ஒரு செட்டாவது ரேக்கில் இருக்கவேண்டும், அது எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும்.

கவனிப்பது என்றால் மூன்று கட்டங்களைப் பார்த்தால் போதும்: தொடக்க அறிவிப்பு, டி.ஜி.டி.ஆர். இறுதி முடிவு, நிதி அமைச்சக அறிவிப்பு. நடுவில் வரும் வாட்ஸ்அப் செய்திகளை ஒதுக்கிவிடலாம். லாரி உரிமையாளர் சங்கம் வலுவாக இருந்தால், அந்தப் பார்ட்டைப் பயன்படுத்துபவர்கள் என்ற முறையில் விசாரணையிலேயே கருத்துச் சொல்ல விதியில் இடமுண்டு. ஆனால் தொடக்க அறிவிப்பிலிருந்து அவகாசம் வழக்கமாக ஒரு மாதம்தான். தனி ஆளாகச் செய்கிற காரியம் இல்லை.

## ஒரே பார்வையில்

| | வரி வந்தால் | வரி வராவிட்டால் | உப்புக்காற்று | பணம் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| குவிப்பது | சில மாதம் லாபம் | வட்டி நஷ்டம் | மோசம் | முடங்கும் | இறுதி முடிவு வந்தபின், கைப்பணம் உள்ளவருக்கு |
| இந்தியத் தயாரிப்பு | விலை மெல்ல ஏறும் | பாதிப்பில்லை | அடிக்கடி வாங்குவதால் குறைவு | கடன் குறுகும் | பிரேக், ஸ்டியரிங், ஹப் |
| வேறு நாடு | அடுத்து மாட்டலாம் | மாறிய அலைச்சல் வீண் | சரக்கின் தரத்தைப் பொறுத்தது | காகிதச் செலவு | பழகிய சரக்கு உள்ள பெரிய கடை |
| தேவைக்கு மட்டும் | அன்றைய விலை | நஷ்டமில்லை | குறைவு | கையில் இருக்கும் | லைட், பாடிச் சாமான், சின்னக் கடை |

சென்னைப் புதுப்பேட்டையில் விற்கும் செகண்ட்ஸ் சாமானை (பழைய வண்டியில் கழற்றியது) ஐந்தாவது வழியாகச் சிலர் கேட்கிறார்கள். பாடிக்கும் கேபினுக்கும் சரி. ஏற்கெனவே ஓடித் தேய்ந்த நக்கிளை வாங்கி உப்புத்தண்ணீர் வண்டியில் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. இங்குள்ள விசைப்படகுகளில் லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தியவை நிறைய உண்டு. படகுக்கு வாங்கும் சாமானுக்கும் வரி விழுமா? அறிவிப்பில் பொருளை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ‘வணிக வாகனங்களுக்கான’ என்று பயன்பாட்டைச் சொல்லி எழுதியிருந்தால் படகுக்கென்று தனியாக வரும் சாமான் அதில் சேராது. பொருளை மட்டும் சொல்லி எழுதியிருந்தால் அது லாரியில் ஏறினாலும் படகில் ஏறினாலும் துறைமுகத்தில் ஒரே வரிதான். படகுக்காரர்கள் தடைக்காலத்தில்தான் எஞ்சினைப் பிரிப்பார்கள். ஆகவே அந்த அறிவிப்பின் பொருள் விளக்கப் பத்தியை மார்ச் மாதத்திலேயே ஒருமுறை படித்துவைத்தால், ஏப்ரலில் எவ்வளவு எடுப்பது என்று மொத்தக் கடையில் தைரியமாகப் பேசலாம்.